காப்புக் கையோடு ஒரு பி.காம்.

கம்பத்தில், கருகின மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை ஒன்று போட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எவனிடமும் கைகட்டி நிற்காமல் போட்ட கடை. எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியில் பாறையைப் பிளந்து கிணறு வெட்டினேன். "அங்கன தண்ணி வராது" என்று சத்தியம் பண்ணினவர்கள் அத்தனை பேரும் பிறகு அதே கிணற்றில் குதித்துக் குளித்தார்கள். கல்லுக்கால் ஊன்றித் திராட்சைப் பந்தல் போட்டேன். எங்கள் தெருவில் முதல் மாடி என் வீட்டு மாடி. மைக் செட்டு, சீரியல் செட்டு, டியூப் லைட்டு எல்லாம் வாங்கி வாடகைக்கு விட்டேன். இந்தப் பள்ளத்தாக்கில் என் விளக்கு எரியாத திருவிழாவே கிடையாது என்று சொன்னால் அதில் கொஞ்சம்தான் மிகை இருக்கும்.

இத்தனையையும்விட உசத்தியாக ஒன்று கட்டினேன். அது ஒரு பி.காம். பட்டம். சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. அதில் என் மனைவியின் பெயர் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் ஒரு மலர் போடுகிறார்கள். தெருவின் முதல் பட்டதாரிப் பெண் என்று அவளை அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அவளும் எழுதினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். "என் கணவரின் ஒத்துழைப்புடன் பட்டம் பெற்றேன்" என்று இருந்தது.

ஒத்துழைப்பு!

மோட்டாருக்குக் காயில் ஒத்துழைத்தது என்று எவனாவது சொல்வானா? அதனால்தான் நானே பேனாவை எடுத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படிக்கிறவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

எழுபதுகளின் நடுவில் எங்களுக்குக் கல்யாணம். அவள் ஆண்டிபட்டிப் பெண். பி.யூ.சி. முடித்திருந்தாள். பெண் பார்த்துவிட்டு வந்த என் ஆத்தா, "பிள்ளை லட்சணமா இருக்கு. படிப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள், உப்புக் கூடிப்போன குழம்பைச் சொல்கிற மாதிரி.

"கூடினா என்ன ஆத்தா? நம்ம வீட்டுல குறைச்சலாத்தான இருக்கு. சேத்தாச் சரியாப் போகும்" என்றேன்.

அந்த வயசில் எவனுக்கு அப்படிப் பட்டென்று பதில் வரும்? எனக்கு வந்தது.

கல்யாணமாகிக் கொஞ்ச நாள் போயிருக்கும். ஒருநாள் கையில் வார்னிஷ் வாசனையோடு சாப்பிட உட்கார்ந்தேன். ரசத்தை ஊற்றிவிட்டு அவள் அகலாமல் நின்றாள்.

"ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கிற மாட்டீகளே?"

"கேளு."

"பி.காம். படிக்கட்டுமா? காலேஜுக்கெல்லாம் போக வேணாம். தபால்ல பாடம் அனுப்புவாக. வருஷத்துல கொஞ்ச நாள் மதுரையில வகுப்பு இருக்கும். அப்புறம் பரீட்சை, அவ்வளவுதான்."

"அதைப் படிச்சா?"

"கணக்கு எழுதலாம்."

"எங்கன? என் கடையிலயா?"

"உங்க கடைக்கு எதுக்கு பி.காம்.? உங்க கணக்குப் பூராம் சுவத்துலதான இருக்கு. வெள்ளை அடிச்சா எல்லாரும் தப்பிச்சுருவாக."

சோறு புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தேன். சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

பாடம் வர ஆரம்பித்தது. காக்கி உறை, உள்ளே கற்றையாக அச்சடித்த தாள். தபால்காரர் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினாலே தெரு முழுக்கச் சேதி போய்விடும். டீக்கடையில் ஒருத்தன் கேட்டான், "ஏப்பா, தபால்ல படிக்கிற பிள்ளை தப்புப் பண்ணினா வாத்தியாரு பெரம்பையும் தபால்லயே அனுப்புவாரா?"

"அனுப்புவாரு. உன் விலாசத்தைக் குடுத்திருக்கேன்" என்றேன். அன்றைக்கு டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு, பாதியில் நிற்கிற மோட்டாரை வீட்டுக்கே தூக்கி வருவேன். முற்றத்தில் உட்கார்ந்து நான் காயில் கட்ட, எதிரே அவள் பாடத்தை வாய்விட்டு வாசிப்பாள். அப்படி ஒருநாள் வாசித்தாள், "உள்ளே வருவதைப் பற்று வை. வெளியே போவதை வரவு வை."

கம்பியைக் கீழே போட்டுவிட்டேன். "திரும்ப வாசி."

வாசித்தாள்.

"வந்தது பற்று, போனது வரவா? எந்த ஊருல? இதை எழுதினவரு கடை வச்சுப் பாத்திருக்காரா?"

"கணக்குப் பாக்குற முறை அதுங்க."

"முறையா? வேட்டைக்குப் போற கோம்பை நாயைக் கொண்டுபோய் முயலுக்குக் காவல் வச்ச மாதிரி இருக்கு."

அவள் விடவில்லை. உங்கள் கடைக்குக் காயில் கம்பி வருகிறது, கம்பிக் கணக்கு அதை வாங்கிக்கொள்கிறது, அதனால் அது கடையிடம் கடன்பட்டிருக்கிறது, அதுதான் பற்று, கம்பியைக் கொடுத்தவன் கொடுத்ததனால் அவனுக்கு வரவு என்று ஒரு மணி நேரம் சொன்னாள். நான் பத்து இடத்தில் மறித்தேன். கடைசியில் எனக்கும் விளங்கியது, அவளுக்கும் விளங்கியது. அவளே சொன்னாள், "நீங்க கேட்டுக்கிட்டே இருங்க. உங்களுக்குச் சொன்னாத்தான் எனக்கு மனசுல நிக்கிது." இதை அவள் சொன்னாள். நான் சொல்லவில்லை. அரைப் பக்கத்தில் இது ஏன் இல்லை?

தேய்மானம் என்று ஒரு பாடம். ஒரு இயந்திரம் வருஷா வருஷம் மதிப்புக் குறையும் என்று போட்டிருந்தது. "என் கடைக்கு வந்தா ஏறும்" என்றேன். "கருகிப் போய் வர்றதைப் புதுசாக் கட்டி அனுப்புறேன். அதுக்கு என்ன பேரு?"

"அதுக்குப் பழுதுபார்ப்புச் செலவுன்னு பேரு."

"செலவா! என் வேலை செலவா?"

"மோட்டார்க்காரருக்குச் செலவு. உங்களுக்கு வருமானம். பேசாமக் கம்பியைச் சுத்துங்க."

இப்படியே இரண்டு வருஷப் பரீட்சையையும் பாஸ் பண்ணினாள். மூன்றாம் வருஷப் பரீட்சை நேரத்தில்தான் எங்கள் மகள் பிறந்தாள். பரீட்சைக்குப் போக முடியவில்லை. அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்றோம். அவளும் சரியென்றாள். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தலையணைக்கடியில் இருந்து பாடத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

அடுத்த வருஷ வகுப்புக்கு மதுரைக்குப் போனபோது பிள்ளையும் கூடவே வந்தது. நானும் போனேன். கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். வகுப்புக் கட்டடத்துக்கு வெளியே ஒரு புங்க மரம். அவளுடைய பழைய சேலையை அதில் கட்டித் தூளி போட்டேன். உள்ளே பாங்கிக் குமாஸ்தாக்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், இவளை மாதிரி இரண்டு மூன்று பெண்கள். வெளியே நானும் என் மகளும். சன்னல் திறந்தே இருக்கும். வாத்தியார் ஐந்தொகையைப் பற்றிச் சொல்வது முழுக்க எனக்குக் கேட்கும். இடது பக்கமும் வலது பக்கமும் ஒத்துப்போக வேண்டும், போகாவிட்டால் எங்கேயோ தப்பு என்பார். நான் தூளியை ஆட்டிக்கொண்டே தலையையும் ஆட்டுவேன்.

வெளியே பீடி குடிக்க வந்த குமாஸ்தா ஒருத்தர், "அண்ணே, நீங்களும் பரீட்சை எழுதிருங்க" என்று கிண்டல் பண்ணினார்.

"எழுதுவேன் தம்பி. நீங்க ரெண்டாமிடத்துக்கு வந்துருவீக, அதான் பாக்குறேன்" என்றேன்.

எங்கள் ஊர் ஆம்பிளைகளில் அந்தக் காலத்தில் நாலு பேர் பார்க்கத் தூளி ஆட்டினவன் நான் ஒருத்தன்தான். எவனாவது ஆட்டியிருந்தால் முன்னால் வந்து சொல்லட்டும்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்கு விளக்குப் போடுவது நான். அந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் நாள் குறித்தார்கள். அதே நாளில் கோம்பையில் ஒரு திருவிழாவுக்கு என் செட்டைக் கொடுப்பதாக முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். கூட்டத்தில் எழுந்து நின்றேன். "ஒரு வாரம் தள்ளி வைங்க. போன வருஷத்தைப் போல ரெண்டு மடங்கு விளக்குப் போடுறேன். கோயில் முகப்புல சீரியல் பல்புல ஓடுற மயிலு வைக்கிறேன்" என்றேன். கோயில் பெரியதனக்காரர் தாடியைத் தடவினார். ஊரே என் முகத்தைப் பார்த்தது. தள்ளி வைத்தார்கள்! ஒரு ஊர்த் திருவிழாவையே நகர்த்தினவன் நான். யானையைத் தள்ளி நிறுத்தின மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரமே பரீட்சைக்கு நாள் போட்டுத் தபால் வந்தது. நான் தள்ளி வைத்த இடத்தில் போய்ப் பரீட்சை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் ஆணோ பெண்ணோ, ஊர்க்காரர் எவரும் ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். படுக்கைக்கு எல்லைக்குள் வந்துவிட வேண்டும். திருவிழா வேலை பார்க்கிற பூசாரி, மேளக்காரர், விளக்குப் போடுகிறவன் இவர்களுக்குக் கையிலும் மஞ்சள் நூல் கட்டிவிடுவார்கள். கையில் கட்டினவன் செருப்புப் போடக் கூடாது, வெளியே சாப்பிடக் கூடாது. என் கையில் கட்டியிருந்தது.

பரீட்சை மதுரையில். போன தடவைகளில் அங்கே ஒரு சொந்தக்கார வீட்டில் தங்கித்தான் எழுதினாள். இந்தத் தடவை தங்க முடியாது.

ஆத்தா தெளிவாகச் சொன்னாள். "பரீட்சை அடுத்த வருஷமும் வரும். அதுக்கென்ன, ஓடியா போகுது?"

"போன வருஷமும் இதான் அத்தை சொன்னீக" என்றாள் என் மனைவி. குரலை உயர்த்தவில்லை. "அடுத்த வருஷம் பாடமே மாறுதாம். இப்ப எழுதாட்டி மூணாம் வருஷம் பூராவையும் முதல்ல இருந்து படிக்கணும். இந்தப் பிள்ளையை வச்சுக்கிட்டு என்னால முடியாது. இத்தோட விட்டுற வேண்டியதுதான்."

"யாரு திருவிழாவைத் தள்ளி வச்சது?" என்று ஆத்தா என்னைப் பார்த்தாள்.

"ஊர்க்கூட்டம்" என்றேன். உண்மைதானே?

அவள் அழவில்லை. பாடத் தாள்களை அடுக்கிச் சணல் போட்டுக் கட்டினாள். பரணில் போடுகிற பழைய சாமானைக் கட்டுகிற மாதிரி அந்தக் கட்டு இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்தேன். "ராத்தங்கத்தான கூடாது? தினமும் போய்த் தினமும் வருவோம்" என்றேன்.

"மதுரைக்கா? பிள்ளையோடயா?"

"பிள்ளையை நான் பாத்துக்கிறேன். நீ பரீட்சையைப் பாரு."

அப்படித்தான் போனோம். விடியுமுன் ஊரிலிருந்து டவுன் பஸ், கம்பத்திலிருந்து மதுரை பஸ். தேனி தாண்டினதும் அவள் பாடத்தை எடுப்பாள். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது எழுத்து ஆடும், மூடிவிடுவாள். அப்போது நான் கேள்வி கேட்பேன். "தேய்மானம்னா என்ன?" "உங்களுக்குத்தான் அது பிடிக்காதே" என்பாள். காலைப் பரீட்சை மத்தியானம் முடியும். திரும்பி வந்து பொழுது சாய்வதற்குள் விளக்கைப் போட்டுவிடுவேன். ஓடுகிற மயில் ஓடும். பெரியதனக்காரர் மீசைக்குள் சிரிப்பார். இரண்டு பக்கமும் ஒத்துப்போனது, ஐந்தொகை மாதிரி.

கடைசிப் பரீட்சைதான் காலை வாரியது. அடக்கவிலைக் கணக்கியல். மத்தியானம் ஆரம்பித்துச் சாயங்காலம் முடிகிற பரீட்சை. அன்றைக்குத்தான் முளைப்பாரி. திருவிழாவிலேயே பெரிய நாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வளர்த்த முளைப்பாரியைத் தலையில் வைத்து, இருட்டினதும் கோயிலிலிருந்து புறப்படுவார்கள். மணி அடிக்கிற நேரத்துக்குத் தெரு முழுக்க விளக்கு எரிய வேண்டும்.

பெரியதனக்காரர் கடைக்கே வந்துவிட்டார். "மதுரைக்குப் போறயாமே?"

"போயிட்டு வந்துருவேன். ராத்தங்க மாட்டேன்."

"வந்துருவ. எத்தனை மணிக்கு? முளைப்பாரி இருட்டுல போச்சுன்னா, அடுத்த வருஷம் வேற ஊருச் செட்டுத்தான். சொல்லிட்டேன்."

விளக்கை வேறொருத்தனிடம் விட்டுப் போகலாம். ஆனால் தொழில் தெரிந்த எவன் கையில் கொடுத்தாலும் அடுத்த வருஷம் அவன் தனிச் செட்டுப் போட்டுவிடுவான். தொழில் தெரியாதவன் கையில் கொடுத்தால் செட்டைக் கருக்கிவிடுவான். நான் போகாமல் இருந்தால் பிள்ளையை யார் பார்ப்பது? எங்கள் இரண்டு பேரையும் விட்டு ஒரு மணி நேரம் இருக்காத பிள்ளை. என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க இருந்து விளக்கைப் பாருங்க. நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்கிறேன்" என்றாள். பரீட்சை எழுதுகிற அறைக்குள் பிள்ளையை எப்படிச் சமாளிப்பது?

யோசித்தேன். அப்புறம் ஆத்தாவைக் கூப்பிட்டேன்.

ஆத்தா அதுவரை வீட்டில்கூடச் சுவிட்சைத் தொட்டதில்லை. "இந்தா, லைட்டைப் போடு" என்று யாரையாவது கூப்பிடுவாள். அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பலகைக்கு முன்னால் நிறுத்தினேன். பலகையில் இரண்டு பெரிய கைப்பிடி. ஒன்று தெருவிளக்கு முழுவதற்கும். இன்னொன்று ஜெனரேட்டருக்கு. கரண்டு இருக்கும்போது இரண்டாவதைத் தூக்கினால் எல்லாம் கருகிவிடும். முதல் கைப்பிடியில் மஞ்சளைப் பூசினேன். இரண்டாவதில் குங்குமம் வைத்தேன். கீழே ஒரு மரக்கட்டையைப் போட்டேன்.

"மணி அடிச்சதும் கட்டை மேல ஏறி நில்லு. மஞ்சப் பிடியை மேல தூக்கு. குங்குமத்தைத் தொடாத. கட்டையை விட்டுக் கீழ இறங்கிப் பிடியைத் தொட்டுறாத, அவ்வளவுதான்."

"ஏலே, எனக்குப் பயமா இருக்குடா."

"அம்மன் இருக்கா. பயந்தா அவளைப் பாரு."

"நான் முளைப்பாரி தூக்கணும்ல?"

"தூக்கிவிட்டுட்டுப் போ."

இதுதான் நான் சொன்னது. எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறேன், பாருங்கள்.

மதுரையில் அன்றைக்கு வெயில் சாறு பிழிந்தது. வெறுங்காலோடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பரீட்சை நடக்கிற கல்லூரி வாசலில் நின்றேன். தார் காலைப் பிடித்து இழுத்தது. அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் பிள்ளைக்குப் பசி. வீட்டிலிருந்து கொண்டு வந்த பாலைத் திறந்தால் புளித்துத் திரிந்திருந்தது. பிள்ளை கத்த ஆரம்பித்தது. மைக் செட்டுக்காரன் மகள் அல்லவா, தொண்டை அப்படி.

எதிரே டீக்கடை. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, பிள்ளைக்குப் பால் ஆத்தித் தரவா?"

"வேணாம்யா. காப்புக் கட்டியிருக்கு. வெளியில எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது."

"பிள்ளைக்குமா?"

பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன். ஒரு வீட்டில் ஒருத்தன் கையில் கட்டினால் வீட்டுக்கே கட்டின மாதிரி என்று நினைத்தேன். தெய்வ காரியத்தில் ஒரு பக்கமாக யோசிக்கக் கூடாது. அப்படியும் இப்படியும் நடந்தேன். பாட்டுப் பாடினேன். பஸ் காட்டினேன். பிள்ளை அடங்கவில்லை. அந்தச் சத்தம் மாடிச் சன்னல் வழியாகப் பரீட்சை அறைக்குப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே அவள் கணக்கைப் போடுவாளா, காதைப் பொத்துவாளா? இடையில் எழுந்து வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஒரு பேப்பர் போனால் பட்டம் போச்சு.

மாடிப்படியில் ஒரு அம்மா இறங்கி வந்தார்கள். பரீட்சை மேற்பார்வை பார்க்கிற டீச்சர். நேராக என்னிடம் வந்தார்கள்.

"கம்பத்துல இருந்து வந்தவர் நீங்கதானே?"

"ஆமாங்கம்மா."

"பசி அழுகைன்னு உங்க சம்சாரத்துக்குச் சத்தத்துலயே தெரிஞ்சிருச்சு. சொல்லச் சொன்னாங்க. காப்பு உங்க கையிலதான் இருக்காம், பிள்ளை கையில இல்லையாம். பால் வாங்கிக் குடுக்கணுமாம்." சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலும் ஒன்று சொன்னார்கள், "இன்னும் ரெண்டு கணக்குத்தான் பாக்கின்னும் சொல்லச் சொன்னாங்க."

டீக்கடைக்காரர் அதற்குள் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். பிள்ளை குடித்தது. ஒரு ஏப்பம் விட்டது. என் தோளில் தூங்கியும் போனது. மாடியைப் பார்த்தேன். சன்னலில் யாரும் இல்லை. அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

மணி அடித்து வெளியே வந்தாள். விரல் நுனியெல்லாம் மை.

"எப்படி?"

"எழுதிட்டேன்" என்றாள். அப்புறம் பிள்ளையை வாங்கிக்கொண்டே, "பாலுக்குப் பஞ்சாயத்து வைக்கணுமா உங்களுக்கு?" என்றாள்.

"நாலு பக்கமும் யோசிச்சேன்" என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் சன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தேன். உசிலம்பட்டியில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் நல்ல இருட்டு. எங்கள் ஊரில் இப்போது மணி அடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவள் என் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் நூலையே பார்த்துக்கொண்டு வந்தாள். "எரிஞ்சிருக்கும்" என்றாள். தேனியில் ஒருதடவை சொன்னாள், சின்னமனூரில் ஒருதடவை சொன்னாள்.

கம்பத்தில் டவுன் பஸ் ஏறினோம். தென்னந்தோப்பு விலகின இடத்தில் பார்த்தேன். ஊர் மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. என் டியூப் லைட்டு! என் சீரியல்! பஸ்ஸில் எழுந்து நின்றுவிட்டேன். "உக்காருங்கண்ணே, விழுந்துருவீக" என்றார் கண்டக்டர். "நானா? ஊரே என் வெளிச்சத்துலதான்யா நிக்கிது" என்றேன்.

கோயிலுக்கு ஓடினேன். முளைப்பாரி போய்க் குளத்தில் கரைத்துவிட்டுப் பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பலகைக்கு முன்னால் ஒரு கூட்டம். நடுவில் ஆத்தா. மரக்கட்டை மேல் நின்றபடி, மஞ்சள் கைப்பிடியை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்த நேரத்தில் தூக்கினவள் அதுவரைக்கும் விடவில்லை. தோள் நடுங்கியது. முகம் வேர்த்திருந்தது. கண் அம்மன் மேல் இருந்தது.

பெரியதனக்காரர் என்னைப் பார்த்ததும், "விடு விடுன்னு நாங்க எல்லாரும் சொல்லிட்டோமப்பா. கேக்க மாட்டேங்குது. கிட்டப் போனா வையுது" என்றார்.

வீட்டுச் சுவிட்சு சின்னது, தானாக நிற்கும். இது இவ்வளவு பெரிசாக இருக்கிறதே, விட்டால் கனத்தில் கீழே விழுந்து ஊரே இருட்டாகிவிடும் என்று நினைத்திருக்கிறாள். அவளுடைய முளைப்பாரியைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் தூக்கிப்போனாள். விரதமிருந்து, தண்ணீர் தெளித்து, பாட்டுப் பாடி வளர்த்த முளைப்பாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டைமேல் ஏறினாள். ஆத்தாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"விடுங்கத்தை. நிக்கும்."

"அணைஞ்சிரும்டீ."

"அணையாது. பாருங்க."

கை விலகியது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஆத்தா தலையைத் தூக்கி, ஓடுகிற மயிலைப் பார்த்தாள். அதுவரைக்கும் அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"பரீட்சை?" என்றாள்.

"எழுதிட்டேன் அத்தை."

"பூராமா?"

"பூராம்."

"அப்பச் சரி" என்றாள் ஆத்தா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏலே, விடலாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். விளக்கு எரிந்ததா இல்லையா?

முடிவு வந்தது. இரண்டாம் வகுப்பில் பாஸ். அடக்கவிலையில்தான் எல்லாவற்றையும்விட நல்ல மார்க்கு. அவள் கம்பத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்காளராகச் சேர்ந்து, மேலாளராக ஓய்வு பெற்றாள். கடைச் சுவரில் இருந்த கணக்கையெல்லாம் முதல் மாதமே புத்தகத்துக்கு மாற்றிவிட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொன்னாள். இப்போதும் அந்தப் பக்கம் போனால் அந்தச் சுவரைப் பார்ப்பேன். முற்றத்தில் அவள் வாசித்த குரல் காதில் வரும். வந்தது பற்று, போனது வரவு. அப்போது நான் எழுப்பின கேள்விகளில் ஒன்றிரண்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

மலர் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். "கணவரின் ஒத்துழைப்புடன்" என்பதை அடித்துவிடுங்கள். கேள்வி கேட்டது நான். தூளி ஆட்டினது நான். வெறுங்காலோடு தாரில் நின்றது நான். இதை அப்படியே அச்சுப் போடுங்கள், பெரிய எழுத்தில். என் மனைவியிடம் கேட்டேன். "போடச் சொல்லுங்க, ஆனா அத்தை கையையும் சேத்துப் போடணும்" என்கிறாள். சரி, ஆத்தா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் போடுங்கள். எனக்கு அடுத்த வரியில்.